புகையை வெல்லத் துணை வேண்டுமா?

புகை பிடிக்கும் பழக்கத்தை விடுவதற்கு மனவுறுதி ஒன்றே போதும் என்பது நம்மிடையே நெடுநாளாக நிலவும் கருத்து. விட இயலாதவரை உறுதியற்றவர் என எள்ளுகிறோம். அவரும் நாணி, மறைவில் சென்று புகைக்கிறார். உறுதி வேண்டுவதே; ஆயினும் அதனோடு தக்கவர் ஒருவரின் ஆலோசனையும் சேருமாயின் வெற்றி பெறுவோர் தொகை மிகும் என்பது மருத்துவ ஆராய்ச்சியின் முடிவு.

பீடியோ சிகரெட்டோ, அதன் புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிகோடின் என்னும் நச்சுப்பொருள் மூளையை அடைகிறது. நாளடைவில் மூளை அதனை எதிர்நோக்கப் பழகிவிடுகிறது. அது கிட்டாதபோது எரிச்சலும் அமைதியின்மையும் உறக்கக் குறைவும் தோன்றுகின்றன. இத்தொல்லைகள் முதற் சில நாட்களில் மிகுந்து, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆதலின் இதனை ஒழுக்கக் குறை என்று இகழ்வது பொருந்தாது.

1979-ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மருத்துவர்கள் தம்மிடம் வந்த புகைப்போருள் ஒரு சாரார்க்குச் சில நிமிடங்கள் அறிவுரை கூறி, சிறு துண்டுப் பிரசுரமும் அளித்து, பின்னர் விசாரிப்போம் என்றும் தெரிவித்தனர். ஓராண்டளவில் இவர்களுள் நூற்றுக்கு 5 பேர் பழக்கத்தை விட்டிருந்தனர். அறிவுரை பெறாதவருள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிற்காலத்தில், 2017-ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியபோது, ஆலோசனையின்றி நூற்றுக்கு 7 பேர் விடுமிடத்து, தனித்த ஆலோசனை பெற்றோருள் 10 முதல் 12 பேர் வரை விடுகின்றனர் என்று தெரிந்தது. தொகை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் கோடிக்கணக்கானோர் புகைக்கும் நம் நாட்டில், அஃது எத்தனை குடும்பங்களின் நல்வாழ்வு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவர் தரும் மருந்தும் உடன் சேர்ந்தால் பயன் மேலும் பெருகும்.

ஆலோசகர் செய்வதுதான் யாது? அவர் கடிந்துரைப்பதில்லை. எப்போது, எங்கே, எவரோடு புகைக்கிறோம் என்று கேட்கிறார். விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் செய்கிறார். தேநீர்க் கடையில் நண்பர் நீட்டினால் என்ன சொல்வது, வேட்கை எழும்போது என்ன செய்வது என்பவற்றை முன்னரே வகுத்துத் தருகிறார். வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் நீர் பருகுதலும், மூச்சை ஆழ இழுத்தலும், வேறு வேலையில் ஈடுபடுதலும் துணை செய்யும்.

ஊர் விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இத்துணை மிகவும் தேவை. வேலை முடிந்து தனியறைக்குத் திரும்புவோர்க்குப் புகையே தோழனாகிவிடுகிறது. அயல்மொழியில் மருத்துவரிடம் மனக்குறையைச் சொல்வதும் எளிதன்று. 2016-ஆம் ஆண்டு டெல்லியில் அரசு தொடங்கிய தேசியத் தொலைபேசி உதவிச் சேவை, 2018-இல் பெங்களூர் முதலிய நகரங்களுக்கும் விரிவடைந்து, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை வழங்கத் தலைப்பட்டது. 1800-11-2356 என்னும் அதன் எண் சிகரெட், பீடிக் கட்டுகளின் மீதே அச்சிடப்பட்டுள்ளது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

முதன்முறை விட்டவர் மீண்டும் தொடங்குவதும் உண்டு. பலர் பன்முறை முயன்ற பின்னரே முற்றிலும் விடுகின்றனர். ஆதலின் நம் அறையிலோ அலுவலகத்திலோ அத்தகையவர் இருப்பின், ஏளனம் செய்யாது, மறுபடியும் ஒரு நாள் குறிக்குமாறு அன்போடு கூறுவோமாக.