எங்கள் மரத்தின் கணக்கு

பெண்டாங்கில் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பால்மரம். அப்பா பால் வெட்டிய மரங்களில் இப்போது நான் வெட்டுகிறேன். சில ஆண்டுகளாக இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள். காலமில்லாத காலத்தில் இலை கொட்டுகிறது, பால் சேரும் மங்கில் அளவு குறைகிறது. பெஸ்டலோடியோப்சிஸ் என்ற பூஞ்சை நோயாம். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை மகள் கைப்பேசியில் தேடிப் பிடித்தாள். முதல் பத்தி மட்டும் தெரிந்தது. மிச்சத்துக்கு, நான் ஒரு வாரம் விற்கும் கட்டிப்பால் காசைக் கேட்டார்கள்.

மனசு ஆறவில்லை. ரப்பர் ஆய்வே எங்களைப் போன்றவர்களின் காசில் வளர்ந்ததுதானே? 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதி ரப்பர் மீது வசூலித்த செஸ் வரியில் வளர்ந்தது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரை பிடித்துப் பால் வெட்டியவர்களின் உழைப்பு அந்த வரி.

மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு எல்லாருக்கும் கிடைக்க வேண்டாமா? ஆய்வுக் கட்டுரையை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பதே திறந்த அணுக்கம். 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை இதைத் தெளிவாகக் கேட்டது. கட்டுரையோடு தரவும் வேண்டும். பால் விளைச்சலை ‘மூன்றாம் பாத்தி, 42 கிராம்’ என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்கு உதவும்? எந்த ரக மரம், எத்தனை வயது, முந்தின இரவு மழையா, எல்லாம் சேர்ந்திருந்தால்தான் பத்து வருடம் கழித்தும் இன்னொருவர் அதை எடுத்து ஆராயலாம். இப்படிப்பட்ட தரவைப் பகிரத்தான் 2019இல் மலேசியத் திறந்த அறிவியல் தளம் தொடங்கப்பட்டது.

மகள், கட்டுரை எழுதிய ஆய்வாளருக்கே மின்னஞ்சல் போட்டாள். மூன்றாம் நாள் முழுப் பிரதியும் வந்தது, எங்கள் தோட்டத்து இலைகளின் படம் கேட்டு ஒரு வரியும் வந்தது.