பயிருக்கும் காவல் வேண்டும்!



நம் வீட்டிற்கு வாசலும் கதவும் வைத்திருக்கிறோம். அறிமுகமற்றவர் வந்தால், யார், எவர் என்று விசாரித்த பின்னரே உள்ளே அழைக்கிறோம். ஆனால், நமக்குச் சோறு தரும் வயலுக்கும் கனி தரும் தோட்டத்திற்கும் அத்தகைய வாசல் ஒன்று வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எவருடைய காலணியில் ஒட்டிய மண்ணும் அங்கே தடையின்றி நுழைகிறது. அந்த மண்ணோடு சேர்ந்து எது நுழைகிறது என்பதை ஆஸ்திரேலிய நாட்டினர் பெரும் இழப்புகளின் மூலம் அறிந்துகொண்டார்கள். அறிந்ததைத் தம் உழவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இணையத்தின் வழியே பாடமாகவும் கற்பித்து வருகிறார்கள். அப்பாடத்தைப் பற்றியே இக்கட்டுரை.

ஒரு தோட்டத்தின் கதை

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குயின்ஸ்லாந்து மாநிலம் உள்ளது. அந்நாட்டின் வாழைப்பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு அம்மாநிலத்தின் வட பகுதியில்தான் விளைகிறது. அங்குள்ள டல்லி பள்ளத்தாக்கில், 2015 மார்ச்சில், ஒரு வாழைத் தோட்டத்தில் பனாமா வாடல் நோயின் கொடிய வகை ஒன்று கண்டறியப்பட்டது. அறிவியலார் அதனை டி.ஆர்.4 எனக் குறிப்பர். 1997இல் டார்வின் நகருக்கு அருகில் தோன்றி, அப்பகுதியின் வாழைச் சாகுபடியைச் சீரழித்த அதே நோய்தான் அது.

இந்நோய்க்குக் காரணம் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம். வேரின் வழியே புகுந்து, மரத்தினுள் நீர் ஏறும் பாதையை அது அடைத்துவிடுகிறது. முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சள் நிறமாகி, ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்குகின்றன. தண்டை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். நோயுற்ற மரத்தைப் பிழைக்க வைக்கும் மருந்து எதுவும் இல்லை. மரத்தை அழித்த பின்னரும் பூஞ்சணம் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். ஒரு சிட்டிகை மண் போதும். காலணியிலோ, மண்வெட்டியிலோ, வண்டிச் சக்கரத்திலோ, நோயுற்ற கன்றிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்திற்குச் சென்றுவிடும்.

டல்லியில் அந்தத் தோட்டம் உடனே தனிமைப்படுத்தப்பட்டது. மறு ஆண்டு, வாழை விவசாயிகளின் சங்கம் அரசுகளின் உதவியோடு அந்நிலத்தையே விலைக்கு வாங்கி, அங்கே வாழைச் சாகுபடியை நிறுத்திவிட்டது. பின்னர் அதே பள்ளத்தாக்கில் வேறு சில தோட்டங்களிலும் நோய் தென்பட்டது. எனினும், காட்டுத்தீயாய்ப் பரவிவிடும் என்று அஞ்சப்பட்ட ஒன்று, மெல்ல நகரும் அளவிலேயே கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

முதலில் காணும் கண் யாருடையது?

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இத்தகைய நோயை முதலில் காண்பவர் யார்? ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் விஞ்ஞானியா? அல்லர். இலை அறுப்பவர், தார் சுமப்பவர், மருந்து தெளிப்பவர், பழங்களைப் பெட்டியில் அடுக்கும் பெண்மணி - இவர்களின் கண்களே முதலில் காண்கின்றன. அந்தக் கண்ணுக்குப் பயிற்சி இல்லாவிட்டால், எத்தனை ஆய்வுக்கூடங்கள் இருந்தும் பயன் என்ன?

இந்த உண்மையை உணர்ந்துதான் பிளான்ட் ஹெல்த் ஆஸ்திரேலியா என்னும் நிறுவனம் செயல்படுகிறது. 2000ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனத்தில் மத்திய அரசு, மாநில அரசுகள், பயிர்த்தொழில் சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் அங்கம் வகிக்கின்றனர். இலாப நோக்கமற்ற அந்நிறுவனம் நடத்தும் இணையவழிப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். வேலை முடிந்து வீடு திரும்பியவர், தமக்கு வாய்த்த நேரத்தில் தம் வீட்டிலிருந்தே படிக்க முடியும். தேனீ வளர்ப்போருக்கெனத் தனிப் பாடமும் உண்டு.

பாடத்தின் சாரம் மிக எளிது. நோயின் அறிவியற் பெயரைத் தொழிலாளி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தம் பயிர் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதை அவர் நன்கறிய வேண்டும். வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் கண்டால் அலட்சியப்படுத்தக் கூடாது. ஐயத்திற்குரிய செடியைப் பிடுங்கி அண்டை வீட்டாரிடம் காட்டச் செல்லக் கூடாது. அதுவே நோயைச் சுமந்து செல்வதாகிவிடும். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நாடு முழுமைக்கும் பொதுவாக உள்ள இலவசத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்க வேண்டும். தோட்டத்தினுள் நுழையும்போதும் வெளியேறும்போதும் முதலில் மண்ணைத் தேய்த்துக் கழுவி, அதன் பின்னரே கிருமிநாசினியைப் பயன்படுத்த வேண்டும். மண் படிந்த காலணியில் கிருமிநாசினி தன் வேலையைச் செய்யாது.

சொல்ல அஞ்சுவோர்

அறிவு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. ‘நான் சொன்னால் என் தோட்டத்தையே அழித்துவிடுவார்களே!’ என்ற அச்சம் வாயை அடைத்துவிடும். மறைக்கப்பட்ட நோய் ஊரையே அழிக்கும். இதனை முன்னுணர்ந்து, 2005இல் அரசுகளும் பயிர்த்தொழில் சங்கங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய பூச்சியையோ நோயையோ ஒழிக்க ஆகும் செலவை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும். ஒப்புதல் பெற்ற ஒழிப்புத் திட்டத்தின்படி ஒருவருடைய பயிர் அழிக்கப்பட்டால், அவருக்கு ஈட்டுத்தொகை கிடைக்கும். உண்மையைச் சொன்னவன் தெருவில் நிற்கக் கூடாது என்ற இந்த ஏற்பாடே அந்தப் பாடத்திற்கு உயிர் கொடுக்கிறது என்பேன்.

ஆயினும் எல்லாப் போரிலும் வெற்றி கிட்டுவதில்லை. 2022 ஜூனில், நியூகாசில் துறைமுகத்தில் காவலுக்கென வைத்திருந்த தேன்கூட்டுப் பெட்டிகளில் வரோவா என்னும் உண்ணி கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கான தேன்கூடுகளை அழித்துப் போராடியும், அதனை ஒழிக்க இயலாது என்று 2023 செப்டம்பரில் முடிவு செய்ய நேர்ந்தது. அன்று முதல், உண்ணியோடு வாழ்ந்துகொண்டே தேனீக்களைக் காப்பது எப்படி என்பதே அங்கே பாடமாகிவிட்டது. திரையில் படித்த பாடம் தானாகக் காலணியைக் கழுவிவிடாது. கற்றதை நாள்தோறும் செய்யும் கை வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

‘எங்கோ இருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?’ என்று நீங்கள் கேட்கலாம். டல்லியில் விளைவது கேவண்டிஷ் இன வாழை. நம் சந்தையில் விற்கும் பச்சை வாழையும் ஜி-9 வாழையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. அதே டி.ஆர்.4 நோய் நம் நாட்டில் பீகார், உத்தரப் பிரதேச மாநிலங்களில் ஏற்கெனவே காலூன்றிவிட்டது. அயல் மாநிலத்திலிருந்து வாழைக்கன்று வாங்கும் நம் விவசாயி, அக்கன்றோடு எதை வாங்குகிறார் என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளார்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் படிக்கும் மகனுக்கோ, அங்கே வாழ்க்கைப்பட்டுச் சென்ற மகளுக்கோ, பாசத்தோடு அரிசியும் பருப்பும் சீரகமும் காய்ந்த மிளகாயும் கட்டி அனுப்ப நினைப்பது இயல்பு. ஆனால், தானியத்தைத் தின்றழிக்கும் கப்ரா வண்டு நம் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. அதன் புழு உணவே இன்றி நெடுங்காலம் உயிர் வாழும். அதனால், 2020 அக்டோபர் முதல் பயணிகளின் பெட்டிகளிலும் அஞ்சல் பொதிகளிலும் இத்தகைய பொருள்கள் வருவதற்கு அந்நாடு தடை விதித்தது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரி நம் பிள்ளையை அவமதிக்கவில்லை. தம் நாட்டு உழவரின் களஞ்சியத்தைக் காக்கிறார். எது அனுமதிக்கப்பட்டது என்று முன்கூட்டியே கேட்டறிந்து அனுப்புவதும், பெட்டியில் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுப்பதும் நேர்மை.

மண் நமக்குச் சொந்தமன்று; நமக்குப் பின் வருவோருக்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் காக்கப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஊன்றிப் பார்க்கும் கண்ணும், அஞ்சாமல் சொல்லும் நாவும், அடுத்தவர் தோட்டத்தில் கால் வைக்குமுன் காலணியைக் கழுவும் பழக்கமும் போதும். இவற்றை நம் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிக் கொடுப்போமா?