உறக்கத்தில் நிற்கும் மூச்சு

குறட்டை விடுபவரைக் கண்டு, "நன்றாக உறங்குகிறார்" என்று கூறுவது உலக வழக்கு. அஃது எப்பொழுதும் உண்மையன்று. உரத்த குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் ஓசையே இல்லாதிருந்து, பின்னர்த் திணறலோடு மீண்டும் தொடங்குமாயின், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று ஐயுறுதல் வேண்டும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை மருத்துவர் ஒரு தடவையாகக் கணக்கிடுவர். மணிக்கு 30 தடவைக்கு மேற்பட்டால் நோய் கடுமையானது. அத்தகையோருக்கு இரத்த அழுத்தம் ஏறும். பகலில் தறியின் முன்னும் டிராக்டரின் மீதும் கண் அயரும்.

மூச்சு நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து வழியை அடைத்தல் ஒன்று. மூச்சு இழுக்குமாறு மூளை இடும் ஆணையே நின்றுபோதல் மற்றொன்று. குழாய் அடைபட்டாலும் வயலுக்கு நீர் வாராது. மோட்டார் நின்றாலும் வாராது. வாய்க்காலை மட்டும் நோக்குபவனுக்கு இவ்வேறுபாடு புலப்படுமோ? மூக்கின் காற்றையும், விரலில் மாட்டும் கருவி காட்டும் பிராணவாயுக் குறைவையும் மட்டும் கண்டு நோயின் வகையைத் துணிவதும் அவ்வாறே. உடல் மூச்சுக்காக முயல்கிறதா என்பதையும் அளந்தறிதல் வேண்டும்.

இம்முயற்சியை மிகச் செம்மையாகக் காட்டுவது, மூக்கின் வழியே உணவுக்குழாயினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் முறையாகும். அது நோயாளிக்குத் தொல்லை தருவதால், மார்பிலும் வயிற்றிலும் இரண்டு பட்டைகளைக் கட்டுவதே இன்று வழக்கம். நெகிழும் நாடாவில் மெல்லிய கம்பியை நெளிநெளியாகத் தைத்த பட்டைகள் அவை. உடல் விரிந்து சுருங்கும்போது கம்பியின் மின்பண்பு மாறுகிறது. கருவி அதனைக் கோடாக வரைகிறது. வழி அடைபட்டவருக்குக் காற்று வாராதபோதும் பட்டைகள் அசையும். வயிறு எழும்போது மார்பு தாழ்வதும் உண்டு. ஆணை நின்றவருக்கோ இரண்டு பட்டைகளும் அசைவற்றிருக்கும்.

இவ்வேறுபாடு சிகிச்சையை நிர்ணயிப்பது. முகமூடியின் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடைப்பு நோய்க்கு அதுவே இன்றும் தலையாய சிகிச்சை. மற்ற வகையில் இருதய பலவீனம் முதலிய காரணங்களை ஆராய்தல் வேண்டும். இருதயத்தின் இறைக்கும் திறன் குன்றி, ஆணை நிற்கும் வகையும் உடையோருக்கு, மூச்சுக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் ஒருவகைக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தனர். இருதய நோயால் மாண்டோர் குறையவில்லை. மிகுந்தனர் என்பது 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

உறங்குபவர் தம் நோயைத் தாமே அறியார். ஆதலின் அங்கத்தினர்களின் இல்லத்தார், மூச்சு நிற்கும் நேரத்தையும், அவ்வேளையில் மார்பும் வயிறும் அசைகின்றனவா என்பதையும் கவனித்து மருத்துவரிடம் கூறுவார்களாக. நோயைத் துணிவது மருத்துவர் கடன். அதனைக் கண்டு சொல்வது இல்லத்தார் கடன்.