மரத்தடிப் பெஞ்ச்

"மனசு சரியில்லேன்னா அது அவனவன் பாடு. அதுக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மாமா, டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே. வார இதழ் ஒன்றின் இணைப்பில், உன் மனக்காயம் ஆறினால் உலகமே ஆறும் என்ற பாணியில் ஏதோ படித்துவிட்டுக் காலையிலிருந்து கடுப்பாக இருந்தார். பஸ்ஸில் 32 வருடம் கண்டக்டராக இருந்தவர். எங்கே ஏறினோம், எங்கே இறங்குகிறோம் என்று தெரியாத பேச்சு அவருக்குப் பிடிக்காது.

அந்தக் கட்டுரை எனக்கும் பிடிக்கவில்லை. தனியாள் தேறுவதற்கும் ஊர் தேறுவதற்கும் நடுவே எத்தனையோ நிறுத்தங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட நிற்காமல் போகிற வண்டி அது. ஆனால் சம்பந்தமே இல்லை என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "ஹராரேயில் ஒரு பெஞ்ச் இருக்கு மாமா, அதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

ஜிம்பாப்வேயின் தலைநகரம் ஹராரே. 2005 மே மாதம் அந்த நாட்டு அரசு, நகரத்துக் குடிசைகளையும் சாலையோரக் கடைகளையும் புல்டோசர் விட்டு இடித்துத் தள்ளியது. நடவடிக்கைக்கு வைத்த பெயர் முரம்பாட்ஸ்வினா. ஷோனா மொழியில் குப்பையை அகற்று என்று பொருள். வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. ம்பாரே என்ற பழைய தொழிலாளர் பகுதியும் அதில் அடிபட்டது. பெரிய சந்தை உள்ள இடம். நம் கோயம்பேடு மாதிரி மூட்டையும் வண்டியும் மனிதர்களுமாக நெரியும்.

அந்தச் சமயத்தில் ஹராரேயில் மனநல மருத்துவராக இருந்தவர் டிக்சன் சிபாண்டா. ஒரு கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நாட்டில் அவரைப் போன்ற மருத்துவர்களை அன்று கைவிரல்களிலேயே ஏறக்குறைய எண்ணிவிட முடிந்தது. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். நிலைமை மோசமானதும் ஏன் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்றாள் அவளுடைய அம்மா.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நோயாளி வர முடியாவிட்டால் வைத்தியம்தான் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் சிபாண்டா. ம்பாரே கிளினிக்கில் உதவி கேட்டால், நர்சுகளுக்குப் பிரசவத்தையும் எச்.ஐ.வி. நோயாளிகளையும் பார்க்கவே நேரம் போதவில்லை. கட்டடத்தில் ஒரு அறைகூட காலி இல்லை. கிடைத்தது 14 பாட்டிகள். ஏற்கெனவே அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய் சுகாதார வேலை செய்துகொண்டிருந்த பெண்கள். அறை இல்லாததால் வெளியே மரத்தடியில் ஒரு மர பெஞ்ச். 2006இல் இப்படித்தான் தொடங்கியது. பற்றாக்குறையில் செய்த ஏற்பாடு அது. பின்னால் பேசியவர்கள்தான் அதைப் பெரிய திட்டமாக்கிவிட்டார்கள்.

முதலில் அதற்கு மனநல பெஞ்ச் என்று பெயர் வைத்தார்கள். யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. நம் ஊரில் போர்டு மாட்டினாலும் அதேதான் நடக்கும். பெண் கேட்டு வருகிறவர்கள் பார்த்துவிட்டால் என்ன ஆவது? பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள். நட்பு பெஞ்ச் ஆயிற்று. ஷோனாவில் அதற்கு, யோசனை பரிமாறிக்கொள்ளும் இருக்கை என்பதுபோல் அர்த்தம் வரும். மனச்சோர்வு என்ற மருத்துவ வார்த்தையையும் பாட்டிகள் தள்ளிவிட்டார்கள். அவர்களிடம் வேறு சொல் இருந்தது: குஃபுங்கிசிசா. குஃபுங்கா என்றால் யோசிப்பது. குஃபுங்கிசிசா என்றால் அளவுக்கு மீறி யோசிப்பது.

"நம்ம வீட்லயும் அதானே சொல்றோம். ரொம்ப யோசிக்காதேன்னு" என்றார் மாமா.

ஆமாம். ஒரு வித்தியாசம் உண்டு. நாம் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். பாட்டிகள் அந்தச் சொல்லைக் கேட்டதும் உட்காருகிறார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடுகூட குஃபுங்கிசிசாவை அந்தப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கே நம் நாட்டுக்காரர் ஒருவரும் வருகிறார். மும்பையில் பிறந்த விக்ரம் படேல் 1990களில் ஹராரேயில் வேலை பார்த்தார். அங்குள்ள மக்கள் தங்கள் வேதனையை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று அவரும் உடன் வேலை செய்தவர்களும் கேட்டு, அந்தச் சொற்களைக் கொண்டே ஷோனா மொழியில் 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். பெஞ்சுக்கு வருகிறவர்களிடம் பாட்டிகள் கேட்பது அந்தக் கேள்விகளைத்தான். படேல் பிறகு கோவாவுக்கு வந்து சங்கத் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அங்கும் டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களே ஆலோசகர்கள்.

சரி, பெஞ்சில் என்னதான் நடக்கிறது? ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புருஷனுக்கு வேலை போய்விட்டது. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. மூத்த பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டாததால் வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் இல்லை. எல்லாம் ஒரே முடிச்சாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. முதல் கட்டத்துக்குப் பாட்டிகள் வைத்த பெயருக்கு மனதைத் திறப்பது என்று பொருள். அவள் கொட்டித் தீர்க்கிறாள். பாட்டி கேட்கிறாள், குறுக்கே பேசாமல். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: இதில் எதை முதலில் எடுக்கலாம்?

அவள் பள்ளிக் கட்டணத்தைச் சொல்கிறாள். யாரிடம் போகலாம்? தலைமை ஆசிரியரிடம் தவணை கேட்கலாம். என்றைக்கு? செவ்வாய்க்கிழமை. போய்விட்டு வந்து சொல். இது இரண்டாவது கட்டம், தூக்கி நிறுத்துவது. மூன்றாவது கட்டம் உறுதிப்படுத்துவது: அடுத்த முறை வரும்போது அது என்ன ஆயிற்று, இனி எது. இதிலே கவனிக்க வேண்டியது, தீர்வைப் பாட்டி சொல்வதில்லை. வந்தவளே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பாட்டியை அறிவுரை சொல்லாமல் உட்கார வைப்பதற்கே தனிப் பயிற்சி தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"பேசினா சரியாயிடுமா? கணக்கு இருக்கா?" என்றார் மாமா. கண்டக்டர் புத்தி.

இருக்கிறது. ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு பாதி கிளினிக்குகளில் வழக்கமான சிகிச்சையையே கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தார்கள். மறுபாதியில் பெஞ்ச். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்குப் போனவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்தில் நான்கு பேருக்கு எச்.ஐ.வி.

அந்தக் கடைசிக் கணக்கில்தான் மாமாவின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது. எச்.ஐ.வி. மாத்திரையைத் தினமும் விடாமல் போட வேண்டும். யோசனையில் மூழ்கினவள் மாத்திரையைப் போட மாட்டாள். அவள் உடம்பு விழுந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. பெரிய பெண் படிப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொள்வாள். சந்தையில் அவளுடைய இடம் கைமாறும். இவை எல்லாம் ஊர்க் கணக்கில் வருகிறவைதான்.

இரண்டாவது பதில் இன்னும் எளிது. அந்த வேதனை எங்கிருந்து வந்தது? புல்டோசரிலிருந்து. பிறகு வந்த விலைவாசியிலிருந்து. 2009 தொடக்கத்தில் அந்த நாட்டு மத்திய வங்கி, ஒன்றுக்குப் பின்னால் 14 சுழியம் போட்ட டாலர் நோட்டை அச்சடித்தது. நோட்டை அடித்தது அரசு, தூக்கத்தைத் தொலைத்தது அவள். இதை எப்படி அவனவன் பாடு என்று எழுதுவது?

மாமா விடவில்லை. "அப்போ இடிச்சவன் தப்பிச்சுட்டான். மரத்தடியில ஒரு கிழவியை உட்கார வெச்சுட்டு அவன் பாட்டுக்கு அடுத்த தெருவை இடிக்கப் போவான்."

நியாயமான குத்து. பெஞ்ச் வீடு கட்டித் தராது, பள்ளிக் கட்டணம் கட்டாது. இதைக் காட்டி ஓர் அரசு தன் கடமையைக் கழித்துக்கொள்ளப் பார்த்தால் அது அயோக்கியத்தனம். ஆனால் பாயை விட்டு எழுந்திருக்க முடியாதவள் ரேஷன் வரிசையில்கூட நிற்க முடியாது. பட்டா கேட்டு எப்படி அலைவாள்? முதலில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. எழுந்தவள் தனியாகவும் நிற்பதில்லை. பெஞ்சில் தனியே பேசுவது முடிந்ததும், தேறியவர்கள் கூடுகிற ஒரு குழுவுக்கு அவளை அழைக்கிறார்கள். அதன் பெயருக்கு எல்லோரும் கைகோத்து என்று அர்த்தம். வட்டமாக உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றாகக் கிழித்து, குரோஷே ஊசியால் பை பின்னுகிறார்கள். கை பின்னிக்கொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். பூ தொடுக்கிற இடத்தில் அத்தை பேசுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பையை விற்றால் கொஞ்சம் காசு. புதிதாக வருகிறவளுக்கு, போன வருடம் தானும் அந்தப் பெஞ்சில் அழுததைச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள். என் கண்ணுக்கு அந்த வட்டம்தான் பெஞ்சைவிடப் பெரிய விஷயம்.

ஏன் பாட்டிகள் என்பதற்கும் சிபாண்டா காரணம் சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் நல்ல வேலை கிடைத்தால் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். பாட்டி எங்கும் போக மாட்டாள். பின்னால் மலாவி, சான்சிபார், நியூயார்க் என்று பல இடங்களிலும் பெஞ்ச் போட்டார்கள்.

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அத்தை வேறு டீ போட உள்ளே போனாள். மாமா வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"15 டாலர் நம்ம காசுல எவ்வளவு வரும்?"

"ஆயிரத்துச் சொச்சம் மாமா."

"டிக்கெட்டுக்குக் காசில்லாதவங்களை ஏத்திக்கிட்டும் போயிருக்கேன் மாப்ளே. கொஞ்சம் பேரை." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இறக்கிவிட்டது நிறைய."