கும்மிடிப்பூண்டியில் பிறந்தவர்கள் எந்த நாட்டவர்?

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆரம்பாக்கம். அதையும் கடந்தால் ஆந்திர எல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட் வளாகத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கலந்து கேட்கும். அதே ஊரில், பெத்திக்குப்பத்தில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. மாநிலத்தின் பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று.

பீகாரிலிருந்து வந்து இங்கே உருக்காலையில் வேலைக்குச் சேரும் இளைஞர், இங்கேயே தங்கிவிட்டால், கும்மிடிப்பூண்டி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்கலாம். அது அவருடைய உரிமை, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதே ஊரின் முகாமில் பிறந்து, இங்குள்ள பள்ளியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய முப்பது வயதுப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதக் குடியேறிகளின் மகள்.

'ஊடுருவியவர்களை வெளியேற்று' என்ற முழக்கம் நாடு முழுக்க ஓங்கி ஒலிக்கும் காலம் இது. 2025 மே 19 அன்று இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்குமுள்ள அகதிகளை வைத்துப் பராமரிக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டது. மனுதாரர் ஒரு வழக்கில் தண்டனை பெற்று, அதை அனுபவித்து முடித்தவர். அந்த ஒரு வழக்குக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். முகாம்களில் இருப்பவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்ல, அவர்கள் வந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மன்னார் பக்கமிருந்து படகேறியவர்களை, ஓட்டி வந்தவர்கள் பல நேரங்களில் தனுஷ்கோடிக்கு முன்னாலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கடலோரக் காவல் படையோ மீனவர்களோ கண்டு கரை சேர்ப்பார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். விசாரணை, பெயர்ப் பதிவு, குடும்ப அட்டை. பிறகு எந்த மாவட்டத்தில் எந்த முகாம் என்பதை அரசே முடிவு செய்து அனுப்பும். கும்மிடிப்பூண்டிக்கு வந்தவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்து வரவில்லை. அதற்குப் பிறகும் மாதந்தோறும் செக்கிங் உண்டு. குடும்பத் தலைவரும் பிள்ளைகளும் வருவாய் ஆய்வாளர் முன்னால் வந்து நின்றால்தான் பணக்கொடை. வெளியூர் போவதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிராஞ்ச் போலீஸுக்குத் தெரியாமல் முகாமில் ஒரு கல்யாணம்கூட நடக்காது என்பார்கள். 1983 ஜூலைக்கும் 2012 ஆகஸ்டுக்கும் இடையில் வந்தவர்கள் 3,04,269 பேர் என்று கடைசி இலக்கம் வரை மத்திய உள்துறை கணக்கு வைத்திருக்கிறது. ஒளிந்து வந்தவர்களைப் பற்றி எந்த அரசிடமும் இப்படியொரு கணக்கு இருக்க முடியாது.

இந்தப் பதிவுகள் எதுவும் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆகவே 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(பி)தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவரும், விசா முடிந்த பிறகும் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது அது. வாஜ்பாய் ஆட்சியில் 2003இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. பதிவு மூலமோ, நெடுங்காலம் வாழ்ந்ததன் மூலமோ குடியுரிமை கேட்கும் வழிகள் எல்லாமே அவர்களுக்கு அடைபட்டன. குண்டு விழும்போது வரிசையில் நின்று விசா வாங்கி வந்தவர் யார்?

இதன் விளைவை ஒரே குடும்பத்தில் வைத்துப் பார்க்கலாம். மூத்த மகள் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவள் என்று வைத்துக்கொள்வோம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமக்கள். ஆக, அவள் இந்தியர். தம்பி 1991இல் பிறந்தவன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே அவன் இந்தியர் அல்ல. அக்காள் முகாமிலேயே ஒருவரைக் கல்யாணம் செய்து 2010இல் ஒரு பிள்ளையைப் பெற்றாள் என்றால் கதை இன்னும் மோசம். 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் இந்தியர், பிறந்தது இந்திய அரசு மருத்துவமனை, ஆனாலும் பிள்ளை இந்தியர் இல்லை. உள்ளூர்ப் பெண் முகாம் பையனை மணந்தாலும் இதே கதிதான். கும்மிடிப்பூண்டிபோல ஊரும் முகாமும் நாற்பதடித் தெருவில் முகம் பார்த்து வாழும் இடங்களில் இப்படிக் காதல் கல்யாணங்கள் நடக்காமலா இருக்கும்?

அந்த மூத்த மகளைப் போன்ற ஒருவருக்குக்கூடத் தன் உரிமை நீதிமன்றம் போய்த்தான் கிடைத்தது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தது செய்தியானது. சட்டம் தெளிவாகச் சொல்லும் ஓர் உரிமைக்கு 36 ஆண்டு காத்திருப்பும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன.

அரசியல் கட்சிகள் இதில் எங்கே நிற்கின்றன? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தது. முஸ்லிம்கள் இல்லை; இலங்கையும் இல்லை. மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. அதிமுகவின் 11 வாக்குகள் ஆதரவுப் பக்கம் விழுந்தன. அவை எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று திமுக அன்றிலிருந்து சொல்லிவருகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரிதான். ஈழத் தமிழர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கேட்கிறோம் என்பது அதிமுகவின் பதில். இலங்கைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிடைக்கவே முடியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டே, கிடைக்கக்கூடியதை மறுக்கும் மசோதாவுக்குக் கை தூக்கியதை நியாயப்படுத்த முடியாது.

திமுக 2021 செப்டம்பர் 8 அன்று சட்டமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாஜக உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அதற்குச் சில நாள் முன்னர்தான் முதல்வர் ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகள் கட்டப்படும் என்றார். அகதிகள் முகாம் என்ற பெயர்ப்பலகை மறுவாழ்வு முகாம் ஆனது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று பணக்கொடை உயர்ந்தது. இவை உண்மையான உதவிகள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2004 முதல் 2013 வரை டெல்லியில் ஆட்சியில் பங்கிருந்த கட்சியும் திமுகதான். பிரிவு 2(1)(பி)யைத் தொட அப்போது ஒரு வார்த்தை அசையவில்லை. அதைச் சொல்லாமல் அதிமுகவை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது.

பாஜகவின் வாதத்தையும் கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஆகியவற்றின் கீழ் இலங்கையிலிருந்து வந்த 4.61 லட்சம் பேருக்கு 2008 வரை குடியுரிமை வழங்கியாயிற்று என்பது டெல்லியின் கணக்கு. உண்மைதான். அவர்கள் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கூட்டிப்போகப்பட்ட மலையகத் தமிழர்கள். ஒப்பந்தப்படி வர வேண்டியவர்களில் எல்லாரும் வந்துசேரவில்லை. எண்பதுகளில் போர் மூண்டபோது மிச்சமிருந்தவர்களில் பலர் அகதிகளாகப் படகேறினார்கள். முறையாகக் கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள். உயிருக்குப் பயந்து ஓடி வந்ததால் சட்டவிரோதம்! மலையகப் பின்னணியுள்ள 65 பேரின் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் இதே நீதிபதி சுவாமிநாதன்தான் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்.

பாதுகாப்புக் கவலை என்று ஒன்று உண்டு. 1991 மே 21க்குப் பிறகு தமிழ்நாட்டில் அது வெறும் சாக்கு அல்ல. திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மீது கண்காணிப்பு இறுகியது. மக்களைத் திருப்பி அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. 1995 மார்ச்சுக்குள் 99,469 பேர் அனுப்பப்பட்டார்கள். ஆனால் அன்று பிறந்தவர்களுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அரசு முன் கைகட்டி நின்று எண்ணப்பட்டவர்களைவிட அதிகம் சோதிக்கப்பட்ட மனிதர்கள் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

2025 செப்டம்பரில் நடந்த ஒன்றைப் பற்றி நம் ஊரில் போதிய பேச்சு எழவில்லை. பழைய அந்நியர் சட்டத்துக்குப் பதிலாக வந்த குடிவரவு மற்றும் அந்நியர் சட்டம் அம்மாத முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கூடவே ஒரு விலக்கு ஆணை. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டோம் என்றது அந்த ஆணை. (இலங்கையில் மைத்ரிபால சிறிசேன அதிபராகப் பதவியேற்ற நாளும் அதுதான்.) சிறைப் பயம் போனது. குடியுரிமை வரவில்லை.

ஆனால் இதே பாதையில் ஏற்கெனவே சிலர் நடந்திருக்கிறார்கள். 2015 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு இதேபோன்ற விலக்குதான் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு ஆப்கானிஸ்தான் சேர்ந்தது. இப்படி விலக்குப் பெற்றவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று 2019இல் பிரிவு 2(1)(பி)யில் ஒரு காப்புரை சேர்த்தார்கள். குடியுரிமைக்கான வாசல் திறந்தது. இன்று இலங்கைத் தமிழர்கள் நிற்பது, 2015இல் அந்தச் சிறுபான்மையினர் நின்ற அதே படியில். அடுத்த படிக்குத் தேவை இன்னொரு காப்புரை, ஒரே ஒரு வாக்கியம். முஸ்லிம்களை விட்டுவிட்டார்கள் என்பதால் 2019 சட்டத்தை எதிர்ப்பவர்களும் இதை ஆதரிக்கலாம். ஏனென்றால் இங்கே தகுதி மதம் அல்ல, பதிவேடு.

எல்லாருமே இந்தியக் குடியுரிமை கேட்கிறார்களா என்றால், இல்லை. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் காணி உள்ளவர்கள், ஊரில் அம்மா உள்ளவர்கள் திரும்பிப்போக நினைக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய உதவியும், போன பிறகு கைது ஆக மாட்டோம் என்ற உறுதியும். குடியுரிமை ஒரு திணிப்பாக இருக்கக் கூடாது. கேட்பவருக்குக் கேட்கும் உரிமை வேண்டும், அவ்வளவே.

எந்தப் பக்கமும் வழியில்லாதபோது என்ன ஆகிறது என்பதும் நமக்குத் தெரியும். 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 பேரோடு ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. பலர் தமிழ்நாட்டு முகாம்வாசிகள். நடுக்கடலில் மறித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்து, கடைசியில் நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள். 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன இன்னொரு படகு இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா ராணுவத் தளத்தில் ஒதுங்கியது. அதிலும் முகாம்களில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். கூடாரங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பி.இ. படித்துவிட்டு பெயிண்ட் அடிக்கப் போகும் இளைஞன், தன் தகப்பன் வயதிலும் இதே பிரஷ்ஷைப் பிடித்திருப்போமோ என்று நினைக்கும் நாளில், ஏஜென்ட் கேட்கும் லட்சங்களை எப்படியாவது புரட்டிவிடுகிறான்.

2015க்குப் பின் வந்தவர்கள் நிலை தனி. பொருளாதாரம் சரிந்த 2022இல், மார்ச் 22 முதல் குழந்தைகளோடு தனுஷ்கோடியில் இறங்கியவர்களை 2025 செப்டம்பர் விலக்கு ஆணை காக்காது. அவர்களுக்கு இன்னொரு தேதி அறிவிக்க வேண்டியது உள்துறையின் கையில்தான் இருக்கிறது.

சட்டத் திருத்தத்துக்கு நாடாளுமன்றம் வேண்டும். 2024இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் வென்ற கூட்டணி, பிரிவு 2(1)(பி)க்கு ஒரு தனிநபர் மசோதாவையாவது கொண்டுவரலாம். திருவள்ளூர் தொகுதி உறுப்பினரே அதைச் செய்தால் பொருத்தம். மாநில அரசு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முகாம்வாரியான பதிவேடுகள் அதன் மறுவாழ்வுத் துறையிடமே இருக்கின்றன. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் யார், ஒப்பந்தக் காலத்து விண்ணப்பத் தாள் வைத்திருக்கும் மலையகக் குடும்பங்கள் எவை என்று பிரித்து, அவர்களுடைய பாஸ்போர்ட், வாக்காளர் விண்ணப்பங்களை அரசு வழக்கறிஞர் வைத்தே நிரப்பிக் கொடுக்கலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக ஆவணங்கள் சேர்க்கும் வேலையைச் செய்துவருகிறது. அதன் உதவியும் கிடைக்கும். கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அடுத்த மாத செக்கிங்குக்குப் போகும் வருவாய் ஆய்வாளரின் கையில் இந்தப் பட்டியலுக்கான படிவத்தையும் கொடுத்தனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.