கட்டிப்பால் நாற்றமும் டயரின் கறுப்பும்

பகாவ் பக்கம் கட்டிப்பால் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. ரப்பர் மரத்து மங்கிலேயே உறைந்த பாலில் இருக்கும் புரதம் அழுகுவதால் வரும் வாடை அது. அந்தப் புரதம் மூக்கோடு நிற்பதில்லை. டயரில் எந்தப் பொடியைச் சேர்ப்பது என்பதிலும் தலையிடுகிறது.

வெறும் ரப்பரில் செய்த டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். பத்துக் கிலோ ரப்பருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ நுண்பொடி சேர்த்துப் பிசைந்தால்தான் தாங்கும். ஆரம்பகால டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. கரித்தூள் ரப்பரை உறுதியாக்கும் என்பது 1904-இல் லண்டனின் சில்வர்டவுன் ஆலையில் தெரியவந்தது. பிறகு டயர்கள் கறுத்தன. கார்பன் பிளாக் எனப்படும் இந்தத் தூள், கனத்த எண்ணெயைப் போதிய காற்றில்லாமல் எரித்து எடுக்கும் கரி. போர்ட்டிக்சனில் கபோட் நிறுவனத்தின் ஆலை 2013 வரை இதைத் தயாரித்தது.

கரியும் ரப்பரும் கார்பன் வழி வந்த உறவுக்காரர்கள்; பிசைந்தால் ஒட்டிக்கொள்ளும். சிலிக்காவோ மணலிலிருந்து எடுக்கும் வெண்பொடி. ஈரத்தை விரும்பும், ரப்பரை ஒதுக்கும். கொதிநீரில் மொத்தமாகக் கொட்டிய ரவைபோலத் தனக்குள்ளேயே கட்டி தட்டும். சைலேன் என்ற சேர்மம் நடுவில் நின்று, ஒரு கையில் சிலிக்காவையும் மறு கையில் ரப்பரையும் பிடித்தால்தான் கூட்டு அமையும். 1992-இல் மிச்செலின் அப்படித்தான் சிலிக்கா டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

லாபம் என்ன? சக்கரம் சுழலச் சுழல, தரையில் படும் ரப்பர் நசுங்கி விரிகிறது. உள்ளே கரித்துகள்களின் பிணைப்பு அறுந்து சேர்ந்து அறுந்து சூடேறுகிறது. அந்தச் சூடு நம் பெட்ரோல் காசு. சைலேன் கட்டிய சிலிக்காவில் இந்த இழப்பு குறைவு. மழையில் சாலைப் பிடிப்பும் கூடும்.

ஆனால் இது எளிதாகக் கைகூடுவது கார் டயரின் மேற்பரப்பில்; அங்கே பெரும்பாலும் செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரில் சைலேனுக்கு முன்பாகவே புரதம் சிலிக்காவைப் பிடித்துக்கொள்கிறது. மலேசிய ரப்பர் வாரியம் இதற்கு ஒரு வழி கண்டது. பாலிலேயே ஆக்ஸிஜனைச் சேர்த்து ரப்பரின் குணத்தை மாற்றினால், சைலேன் இல்லாமலே சிலிக்கா ஒட்டும். அந்த ரப்பருக்கு எக்கோப்ரேனா என்று பெயர்.

பளு சுமக்கும் லோரி டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் வேண்டும். அதனால் கட்டிப்பால் லோரி பெரும்பாலும் கரித்தூளில்தான் ஓடுகிறது. மேலே நாறும் சரக்கேதான் அதற்குக் காரணம்.