துவக்கு வந்தால் வீடு காக்குமா?



மட்டக்களப்புப் பகுதியில் வீடு என்பது பெண்ணுக்குரியது. தமிழரானாலும் முஸ்லிமானாலும் மகளுக்கு வீட்டைக் கொடுத்தே மணம் முடித்து வைப்பது இங்குள்ள பழைய வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே அந்த வீட்டுக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று கேட்கும் உரிமை முதலில் உங்களுக்கே உண்டு. நாம் இப்போது பேசப்போவது, பாதுகாப்பு என்று பெயர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் ஒரு பொருளைப் பற்றி. அதுதான் துவக்கு!

அந்த வெள்ளிக்கிழமை இரவு

1990 ஆகஸ்ட் 3. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஆயுதங்களோடு வந்தவர்கள், தொழுது கொண்டிருந்தவர்களைப் பின்னால் நின்று சுட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். புலிகள் அதை மறுத்தார்கள். எட்டு நாட்கள் சென்று, ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு, ஏறாவூரில் வீடு வீடாகப் புகுந்து பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் கொன்றார்கள். அங்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள்.

அன்று பிறந்த கேள்வி இன்றும் நம் வீடுகளில் உண்டு. "நம் கையிலும் ஒரு துவக்கு இருந்திருந்தால்?" கணவனையும் மகனையும் ஒரே இரவில் கபுறுக்குக் கொடுத்த ஒரு தாய் இப்படிக் கேட்டால், அவரைக் குறை சொல்ல யாரால் முடியும்? கேள்வி நியாயமானது. அதற்கு விடையைக் கற்பனையில் தேட வேண்டாம். துவக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

துவக்கு வந்த பிறகு

அரசாங்கம் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படையைப் பெருக்கி, துவக்குகளைக் கொடுத்தது. பல ஊர்களில் அந்தக் காவல் இருந்ததால்தான் மக்கள் இரவில் கண் மூடினார்கள். அதை மறுக்க வேண்டாம். ஆனால் 1992 ஏப்ரல் 29ஐயும் மறக்க வேண்டாம். அன்று பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் பக்கத்துத் தமிழ் ஊர்களான முதுகல், கரப்பொல ஆகியவற்றில் ஊர்காவல் படையினர் புகுந்து பழி தீர்த்தார்கள். அங்கே மாண்டவர்களிலும் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அழிஞ்சிப்பொத்தானையில் சுட்டது அவர்களா? இல்லையே! காவலுக்கென்று கொடுத்த துவக்கு, சில மணி நேரத்தில் பழிவாங்கும் துவக்காகிவிட்டது.

வாவியின் அக்கரையில்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. காத்தான்குடி எழுவான்கரையில் இருக்கிறது. முருகன் கோயிலால் பெயர் பெற்ற மண்டூர் படுவான்கரையில் இருக்கிறது. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு நெடுங்காலம் 'பாதை' என்று மக்கள் சொல்லும் மிதவையில்தான் கடந்தார்கள். சைக்கிளும் நெல் மூட்டையும் மனிதரும் ஒன்றாகவே மிதந்து போகும்.

எழுவான்கரை முஸ்லிம்கள் பலருக்குப் படுவான்கரையில் வயல்கள் இருந்தன. வியாபாரமும் இரு கரைக்கும் பொதுவாக இருந்தது. 1990க்குப் பிறகு அந்த வயல்களுக்குப் போவதே உயிராபத்தாயிற்று. காணிகள் ஆண்டுக்கணக்கில் கைவிட்டுப் போயின. 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் செய்துகொண்ட உடன்பாட்டில், முஸ்லிம்களின் காணிகள் பற்றியும் பேச வேண்டிய நிலை வந்தது. எழுவான்கரையில் எத்தனை துவக்குகள் இருந்தாலும் அக்கரை வயலில் ஒரு பிடி விதை போட அவை உதவவில்லை. வயலுக்குப் போக வேண்டுமானால் அக்கரை மனிதரின் நல்லெண்ணம் வேண்டும்.

துவக்கு அக்கரை மக்களையும் வாழ விடவில்லை. போர் முடிந்து ஆறாண்டுகள் கழித்து, 2015 மே மாதம், மண்டூரில் சமூகசேவை உத்தியோகத்தர் ஒருவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 நவம்பர் 30இல் அதே படுவான்கரையின் வவுணதீவில் காவலில் நின்ற இரண்டு பொலிஸாரைக் கொன்று அவர்களின் துப்பாக்கிகளையும் கொண்டு போனார்கள். பழி முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் மீது விழுந்தது. அவர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகுதான், அதைச் செய்தது அந்தத் தாக்குதலை நடத்திய குழுவே என்று விசாரணையில் தெரியவந்தது. அதன் தலைவன் காத்தான்குடியில் பிறந்தவன் என்பதை நாம் மறைக்க முடியுமா? பயிற்சி பெற்றுத் துப்பாக்கியோடு நின்ற பொலிஸாரையே அந்தத் துப்பாக்கி காக்கவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உலகம் என்ன செய்தது?

2019 மார்ச் 15. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆ நேரத்தில் இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் சுட்டு 51 பேர் ஷஹீதானார்கள். அவன் வைத்திருந்தது உரிமம் பெற்று வாங்கிய துப்பாக்கி. லின்வுட் பள்ளிவாசலில் அப்துல் அஸீஸ் என்ற சகோதரர் கைக்குக் கிடைத்த கடனட்டை இயந்திரத்தை எறிந்தபடி அவனை நோக்கி ஓடினார். அவன் கீழே போட்ட ரவையில்லாத துப்பாக்கியை எடுத்து அவனுடைய காரின் மீது வீசினார். அவன் ஓடிவிட்டான். 2022இல் அந்நாட்டின் உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது. தற்காப்பு என்பது தைரியமும் விழிப்பும். துவக்கு வைத்திருப்பது மட்டுமல்ல.

அந்நாட்டு அரசாங்கம் "எல்லாரும் துப்பாக்கி வாங்குங்கள்" என்று சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 10ஆம் திகதி, பாராளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் அத்தகைய துப்பாக்கிகளைத் தடை செய்தது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அவுஸ்திரேலியாவும் இவ்வாறே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடம் பணம் கொடுத்து வாங்கி அழித்தது.

வீட்டுக்குள் வைத்தால்?

1993இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வெளிவந்தது. துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நடக்கும் அபாயம் ஏறக்குறைய 2.7 மடங்கு அதிகம் என்று அது கண்டது. சுட்டவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். குடும்பத்தவர் அல்லது பழகியவர். கோபத்தில் கை முதலில் போகும் இடம் அருகில் இருக்கும் பொருள்தானே?

நமது சட்டமும் தெளிவாக உண்டு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தானியங்கித் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் உங்கள் உயிரையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகின்றன. ஆனால் காக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது. 2024இன் இறுதியில், தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளையே மீளக் கையளிக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது.

நமது மார்க்கமும் இதில் மௌனமாக இல்லை. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளோடு போகிறவர், பிறர்மேல் பட்டுவிடாமல் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். ஆயுதம் வைத்திருப்பவருக்கே முதல் கடமை!

நீங்கள் செய்யக்கூடியவை

வயலில் பன்றிக்கும் யானைக்கும் என்று உரிமத்தோடு துவக்கு வைத்திருக்கும் வீடானால், ரவையை எடுத்துவிட்டுத் துவக்கை ஓரிடத்திலும் ரவையை வேறிடத்திலும் பூட்டி வையுங்கள். கட்டுத்துவக்கை வீட்டுக்கோ வயலுக்கோ விடாதீர்கள். அது பன்றியையும் விறகு பொறுக்க வந்த பிள்ளையையும் பிரித்தறியாது. மகனோ தம்பியோ "கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கள்" என்று பொதி ஒன்றைக் கொண்டுவந்தால், திறந்து பாருங்கள், மறுக்கத் தயங்காதீர்கள். காட்டிலோ வாவிக் கரையிலோ ரவையோ குண்டோ கண்டால் தொடாமல் வந்து சொல்லும்படி பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பள்ளிவாசலில் அவசர வாசல்கள் திறக்கக்கூடியனவா, வெளியே வெளிச்சம் உண்டா, தொழுகை நேரத்தில் வாசலைக் கவனிக்க ஒருவர் உண்டா என்று உங்கள் வீட்டு ஆண்களிடம் கேளுங்கள். ஆபத்தென்றால் 119க்கு அழைக்கச் சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அயல் ஊர்த் தமிழ்ச் சகோதரிகளோடு உள்ள பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கலியாணத்துக்கும் மௌத்துக்கும் போய் வாருங்கள். வதந்தி பரவும் இரவில், "அப்படி ஒன்றும் இல்லை, பயப்படாதே" என்று அக்கரையிலிருந்து தொலைபேசியில் சொல்லும் ஒரு குரல், பத்துத் துவக்குகளைவிடப் பெரிய காவல்.

காத்தான்குடி, ஏறாவூர் ஷஹீதுகளுக்காகத் துஆச் செய்யும்போது, முதுகலிலும் கரப்பொலவிலும் பிள்ளையை இழந்த தாய்மாரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். நமது பிள்ளைகள் கொலை செய்பவர்களாகவோ கொலையுண்டவர்களாகவோ ஆகாமல் அல்லாஹ் காப்பானாக!